விசிலம்மாவும் ஒழுகும் ஏசிகளும்

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் விசிலம்மா என்றுதான் சொல்வார்கள். டவுன் பஸ் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொம்பளை கையால் டிக்கெட் வாங்க மாட்டேன் என்று ஒருவன் வம்பு பண்ணினான். பாலத்தின் நடுவில் விசிலடித்து வண்டியை நிறுத்தினாள். "இவரு டிக்கெட் வாங்கற வரைக்கும் வண்டி நகராது. அவசரம் இருக்கிறவங்க அவர்கிட்டயே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பின்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவசரம் இருந்தவர்கள் பேசினார்கள். எழுத முடியாத வார்த்தைகளில் பேசினார்கள். அவன் டிக்கெட் வாங்கினான்.

அப்படியே காலம் ஓடி, இப்போது முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நாள் முழுக்க ஆடிக்கொண்டே நிற்கிற பிழைப்பு. வீட்டுக்கு வந்து படுத்தால் கட்டில் ஓடுகிற மாதிரி இருக்கும், திருப்பத்தில் சாய்கிற மாதிரி இருக்கும்.

"ஆடாத தரைல கொஞ்ச நேரம் நிக்கணுங்க" என்பாள் கணவனிடம்.

"நின்னுக்க. நம்ம வீட்டுத் தரைக்கு டிக்கெட் கிடையாது" என்பார் அவர். அவர் தையற்காரர். முன்னறை ஜன்னலோரம் மெஷின் போட்டுத் தைப்பவர். வாயில் குண்டூசி இருந்தாலும் பேச்சு நிற்காது.

அவள் கண்டுபிடித்த ஆடாத தரை, குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி இடம். கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் கம்பியும் கிடந்த இடம். பழைய கட்டிலின் கம்பி வலையைச் சாய்த்து நிறுத்தி, ஒவ்வொரு மண்வெட்டி மண்ணாக அதில் வீசிச் சலித்து, ஒரு பாத்தி போட்டாள். அதில் வெண்டை காய்த்ததைப் பார்த்துவிட்டு இரண்டாம் மாடி நர்ஸ் ஒரு பாத்தி போட்டாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒன்று போட்டார். மெல்ல மெல்லக் கட்டடச் சுவரிலிருந்து பின்மதில் வரைக்கும் பாத்திகளாகிவிட்டன. கத்தரி, தக்காளி, பீன்ஸ், கீரை, முள்ளங்கி. குடியிருப்போர் சங்கமும் கூடி ஒப்புக்கொண்டது: பயிர் இருக்கும் வரை அது தோட்டம். காய்ந்து கிடந்தால் கார் நிறுத்தும் இடம்.

அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் சங்கத்தின் செயலாளர். அப்போது அவரிடம் ஒரு கார்தான் இருந்தது. இரண்டாவது கார் வந்த கோடையில், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு விழுந்தது.

"தண்ணிப் பஞ்சம்மா. குடிக்கவே யோசிக்க வேண்டியிருக்கு, கத்தரிக்காய்க்கு எங்க போறது?" என்றார் செயலாளர். கோடை முடிவில் சங்கத்தின் பொதுக்கூட்டம். அதற்குள் பாத்திகள் தானாகவே காய்ந்துவிடும். அவர் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

"சார், காலைல உங்க ரெண்டு காரையும் குழாய் வச்சுக் கழுவினாங்களே, அது எந்தத் தண்ணி?"

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஈரமாத்தான் இருந்துச்சு" என்றாள் விசிலம்மா.

அன்றிலிருந்து குளித்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் வாளியில் சுமந்து இறங்கினாள். தேய்ந்த முழங்காலோடு மாடிப்படி. நர்ஸும் சுமந்தாள். தபால்காரர் அரை வாளிக்கு மேல் தூக்க முடியாமல் இரண்டு முறை நடந்தார். போதவில்லை. வெண்டை இலைகள் மத்தியானமே தொங்கிப்போயின.

தையற்காரர் ஒரு நாள் வெட்டுத் துணிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து செடிகளின் காலடியில் பரப்பினார். வெயில் மண்ணைத் தொடாமலிருக்க. எல்லாம் பருத்தித் துணி. பாலியஸ்டரை உட்கார்ந்து தனியாகப் பொறுக்கி எடுத்திருந்தார். கோடும் கட்டமும் பூவும் போட்ட பாத்திகளைப் பார்த்த செயலாளர், "இது தோட்டமா, துணிக்கடையா?" என்று கேட்டார். "அளவு எடுக்கணுமா சார்?" என்றார் தையற்காரர்.

ஈரம் நின்றது. ஆனால் நிற்பதற்கு முதலில் ஈரம் வேண்டுமே.

வழி காட்டியது அவளுடைய தலையில் விழுந்த ஒரு சொட்டு. குடியிருப்பின் பக்கவாட்டில் ஒரு சந்து. மாடி வீடுகளின் ஏசிக் குழாய்கள் அதன் மேல்தான் நீட்டிக்கொண்டிருந்தன. கோடையில் அந்தச் சந்தில் நடந்தால் வெயிலிலும் நனையலாம். சுவரெல்லாம் பாசி படிந்து கிடந்தது. அன்று டியூட்டி முடிந்து அந்த வழியாக வந்தவள், உச்சந்தலையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வாளியைக் கொண்டுவந்து ஒரு குழாயின் கீழ் வைத்தாள். இருட்டுவதற்குள் அது நிரம்பி வழிந்தது.

அவளுடைய தம்பி ஏசி மெக்கானிக். போன் பண்ணி வரவழைத்தாள்.

"ஏண்டா, இந்தத் தண்ணி நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணிதான்க்கா. காத்துல இருக்கிற ஈரம்தானே? உப்பே கிடையாது. பேட்டரிக்குக்கூட ஊத்துவாங்க."

"இவ்வளவு வருஷமா இந்த வேலை பாக்கறே. ஒரு நாளாவது எங்கிட்ட சொன்னியா?"

"நீ கேட்டியா? எல்லாரும் என்னைக் கூப்பிட்டு, ஒழுகறதை நிறுத்துன்னுதான் சொல்வாங்க. இன்னும் நல்லா ஒழுக வைன்னு கேட்ட முதல் ஆளு நீதான்."

வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. தலையில் சொட்டாமலிருந்தால் போதும் என்றார்கள். தம்பி ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய டியூபைச் செருகி, சுவரோரமாக இறக்கி, எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்துத் தோட்டத்து மூலையிலிருந்த நீல டிரம்மில் விட்டான். செயலாளரிடம் மட்டும் கேட்கவில்லை; அவர் வீட்டு ஏசியும் சங்க அலுவலக ஏசியும் சேரவில்லை. அவை தம்பாட்டுக்குச் சந்தில் சொட்டிக்கொண்டிருந்தன.

புழுக்கம் அதிகமாக இருந்த நாட்களில் டிரம் பொங்கியது. ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்க, விசிலம்மா பஸ்ஸில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாப் புழுங்கட்டும்" என்பாள். பயணிகள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கத்தரி பூ வைத்தது. பீன்ஸ் கொடி கயிற்றில் ஏறியது.

அப்போதுதான் அந்த அடி விழுந்தது. ஒரு மாலை டியூட்டி முடிந்து வந்து பார்த்தால், தக்காளி இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. கீரைப் பாத்தி வெந்த மாதிரி படுத்திருந்தது. அன்று காலையில் டிரம் தண்ணீர் ஊற்றிய பாத்திகள் எல்லாவற்றிலும் அதே கதிதான். தபால்காரர் பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு இலையை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்து வச்சுட்டான்" என்றாள் நர்ஸ். "வேற யாரு? அந்தச் செயலாளர்தான். ராத்திரி வந்து டிரம்ல எதையோ கலந்திருக்கான். இப்பவே போய் நாலு பேர் முன்னாடி கேக்கறேன்."

விசிலம்மா டிரம்மின் மேல் குனிந்து மோந்து பார்த்தாள். விரலைத் தண்ணீரில் விட்டு ஒன்றோடொன்று தேய்த்தாள். வழுக்கியது. நிமிர்ந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், நேத்து இங்க என்ன வேலை பாத்தே?"

"எல்லா வீட்டு ஏசியையும் சும்மா சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன்க்கா. உள்ள இருக்கிற காயில் சுருள்ல அழுக்கு இருந்தா தண்ணி கம்மியாத்தான் வரும். நல்லா நுரை அடிச்சுக் கழுவி விட்டேன். உனக்காகத்தான்."

"டிரம்முக்குப் போற டியூபைக் கழட்டிட்டுத்தானே கழுவினே?"

"டியூபையா?"

"கழட்டினியா?"

"அய்யோ... இல்லக்கா."

ஏசிச் சுருளைக் கழுவும் மருந்து. உலோகத்தில் ஒட்டிய அழுக்கையே தின்கிற சாமான். டியூப் போட்ட எல்லா வீட்டிலிருந்தும் நேராக டிரம்முக்கு வந்திருக்கிறது. ஏசியைத் தெரிந்தவன் செடியை நினைக்கவில்லை. செடியைத் தெரிந்தவள் ஏசியை நினைக்கவில்லை.

இதற்குள் பாத்திக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். செயலாளர் வீட்டு ஜன்னலைப் பார்த்து யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் அவள் சும்மா இருந்திருந்தால் போதும், பொதுக்கூட்டத்தில் செயலாளர் வாயைத் திறக்க முடியாமல் போயிருக்கும். அவளுக்கும் அது தெரிந்தது. டியூட்டி விசிலை எடுத்து வாயில் வைத்து அடித்தாள். கூட்டம் அடங்கியது.

"அவர் இல்ல. எங்க ஆளுதான். என் தம்பி ஏசி கழுவின மருந்து டிரம்ல இறங்கிடுச்சு. குழாய் விடச் சொன்னது நானு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். எல்லோரும் ஓய்ந்த பிறகு தபால்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அவர் தலைல விழுந்திருந்தா நமக்கு வசதியா இருந்திருக்குமே. எதுக்குச் சொன்னே?"

"அவர் செஞ்சதுக்கே சண்டை பாக்கி இருக்கு. செய்யாததுக்கு வேற எதுக்குண்ணே?"

பிறகு யார் கையும் சும்மா இருக்கவில்லை. டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினார்கள். கருகிய செடிகளைப் பிடுங்கி, மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து எறிந்தார்கள். அன்று மருந்துத் தண்ணீர் படாமல் தப்பியது விசிலம்மாவின் சொந்தப் பாத்திதான். அவள் டியூட்டிக்கு ஓடின அவசரத்தில் அதற்கு ஊற்றவில்லை. அந்தப் பாத்தியின் மண்ணில் பாதியைத் தட்டில் அள்ளி அள்ளி மற்றவர்களுக்குக் கொட்டினாள். தம்பி ஒவ்வொரு பாத்திக்காரர் முன்னாலும் போய் நின்றான். அவர்கள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கொத்தினான். பொதுக்கூட்டத்துக்குள் முளைத்துப் பச்சை காட்டக்கூடியவை கீரையும் முள்ளங்கியும்தான். அவற்றையே விதைத்தார்கள்.

செயலாளர் மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவள் தன்னைக் காப்பாற்றியது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ்: சுவரில் தொங்கும் டியூப்கள் கட்டடத்தின் அழகைக் கெடுக்கின்றன, உடனே அகற்றவும்.

"பாசி வழிஞ்சுதே, அப்ப அழகா இருந்துச்சாமா?" என்று நோட்டீஸைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கேட்டாள் விசிலம்மா. யாரும் அகற்றவில்லை. தம்பி இன்னும் இரண்டு டியூபோடு வந்து, சந்தில் வீணாகச் சொட்டிக்கொண்டிருந்த செயலாளர் வீட்டுக் குழாயிலும் அலுவலகக் குழாயிலும் அவற்றைச் செருகிவிட்டுப் போனான். அதைப் பார்த்த செயலாளர் தன் வீட்டு ஏசியையும் அலுவலக ஏசியையும் அணைத்தே விட்டார். ஒரு சொட்டுகூடத் தரமாட்டாராம். உச்சிக் கோடையில், ஜன்னலைத் திறந்து வைத்து, பனியன் நனைய உட்கார்ந்திருந்தார்.

"மனுஷன் வைராக்கியம்னா இப்படி இருக்கணும்" என்றார் தையற்காரர், மெஷினை மிதித்துக்கொண்டே. "சட்டை கிழிஞ்சாலும் தைக்கக் குடுக்க மாட்டார் போல."

மூன்றாம் நாள் மத்தியானம் செயலாளரின் மனைவி கையில் விசிறியோடு தோட்டத்துக்குள் வந்தாள். இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்.

"வீடு அடுப்பு மாதிரி இருக்கு. இங்க கொஞ்சம் உக்காரட்டுமா?"

"உக்காருங்கம்மா. பீன்ஸ் நிழல்ல உக்காருங்க" என்றாள் விசிலம்மா. அவளுடைய பாத்தியில் மிஞ்சியிருந்த ஒரே கொடி அது. "சும்மா உக்கார முடியாது. கைக்கு வேலை உண்டு. அந்தக் களையைப் பிடுங்குங்க."

அவள் பிடுங்கினாள். இரண்டு முள்ளங்கி நாற்றையும் சேர்த்துப் பிடுங்கினாள். விசிலம்மா அவற்றைத் திரும்ப ஊன்றினாள். மறுநாளும் அவள் வந்தாள். அதற்கடுத்த நாள் வரவில்லை. பதிலுக்கு, செயலாளர் வீட்டு டியூபில் தண்ணீர் வந்தது.

மேலே பேச்சுச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"யாரு ஏசியைப் போட்டது?"

"நான்தான். எனக்கு வேர்க்குது."

"அவங்களுக்குத் தண்ணி போகுதே!"

"போகட்டும். நீங்க வேணா வாயை வச்சு உறிஞ்சிக்குங்க."

பொதுக்கூட்டத்தைத் தோட்டத்திலேயே நடத்த வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். எல்லோரும் பாத்திகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கீரை முட்டியளவு நின்றது. பிடுங்கின இடங்களில் முள்ளங்கி இலை விரிந்திருந்தது. காய்ந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது பயிரே இல்லை, கட்டடத்தின் தண்ணீரைத் திருடி வளர்த்தது என்றார்.

"யார் வீட்டுத் தண்ணி சார் திருடு போச்சு? கை தூக்கச் சொல்லுங்க" என்றாள் விசிலம்மா.

யாரும் தூக்கவில்லை. "என் வீட்டுத் தண்ணி, நான் குடுத்தேன்" என்றார் மூன்றாம் மாடிக்காரர். "என் வீட்டுதும்தான்" என்று இன்னொரு குரல். செயலாளரின் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க வீட்டுதும்" என்றாள். செயலாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவர் லேசுப்பட்டவர் இல்லை. நேரமாகிறது, எல்லோருக்கும் பசி என்று தெரிந்து, கடைசியில் ஒரு சமாதானம் சொன்னார்: குழாய்ப் பூட்டைத் திறக்கலாம், டியூபும் இருக்கட்டும், ஆனால் தோட்டம் இன்னும் ஒரு வருடம் மட்டும். அதற்குப் பிறகு மறுபடி கூடிப் பேசலாம். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்கிவிட்டார்கள். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் விசிலம்மாவுக்கு விடுமுறை. காலையில் நாற்றுப் பண்ணைக்குப் போய் ஒரு எலுமிச்சைக் கன்று வாங்கி வந்தாள். முழங்காலை ஒரு கையால் தாங்கியபடி, தோட்டத்தின் சரியான நடுவில், இரண்டு கார்கள் நிற்கக்கூடிய இடத்தில், மண்வெட்டியால் வட்டம் போட்டாள். செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா இது?"

"எலுமிச்சை சார்."

"காய்க்க எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும்."

"உங்களுக்குக் குடுத்திருக்கிறது ஒரு வருஷம். நேத்து நீங்களும் இருந்தீங்களே."

"இருந்தேன். நான் கை தூக்கலை" என்றாள் விசிலம்மா. மண்வெட்டியை ஓங்கினாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். குழி ஆழமா வெட்டணும்."