இருபது சதவீத வெயில்

மயிலாத்தாளுக்கு உட்கார்ந்தபடியே கனவு வரும், அதுவும் பட்டப்பகலில். அந்த ஐப்பசி முழுக்க ஒரே கனவுதான் வந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய உலர்களத்தில் தண்ணீர் தளும்புகிறது. உடைத்த தேங்காய் மூடிகள் சின்னப் பரிசல்களாக மிதக்கின்றன. ஒன்றில் நீதிபதி குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார்.

கண் விழித்தால் களத்தில் உண்மையாகவே தண்ணீர் நிற்கும்.

களத்துக்காரர்கள் தேங்காய் மண்டியில் கடனுக்குக் காய் எடுக்கும்போது, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றை ஈடாகக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். மயிலாத்தாளும் அப்படிக் கொடுத்தாள். பணத்தை அடைத்த பிறகு அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் மண்டிக்காரரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று கூச்சம். மூன்று வருடம் கழித்து அவர் அதில் ஒன்பது லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டார். கணக்கில் பணமில்லை என்று காசோலை திரும்பியது. வழக்கு நடந்து, ஆறு மாதச் சிறை, ஒன்பது லட்சம் இழப்பீடு என்று தீர்ப்பானது.

மேல்முறையீட்டில் நீதிபதி தண்டனையை நிறுத்தி வைத்தார். ஆனால் இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை, ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை, அறுபது நாளில் கோர்ட்டில் கட்டியாக வேண்டும்.

"நாந்தான் தப்பே பண்ணலீங்களே அம்மிணி, எதுக்குக் கட்டோணும்?" என்றாள் வக்கீல் பூங்கோதையிடம்.

"அத அப்பீல்ல பேசிக்கலாங்க்கா. கட்டலீன்னா நீங்க உள்ள இருந்துட்டுத்தான் பேசோணும்."

கொட்டகையில் பதினைந்தாயிரம் காய் மட்டையோடு கிடந்தது. அதுதான் அவளிடம் இருந்த ஒரே முதல். முழுக்காயாக விற்றால் பாதி விலைக்குக் கேட்டார்கள். உடைத்துக் காயவைத்துக் கொப்பரைப் பருப்பாக்கினால் தொகை தேறும். ஆனால் உடைத்த காய்க்கு ஏழு நாள் வெயில் வேண்டும். மழையில் உடைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

ஐம்பத்தெட்டாம் நாளும் தூறியது. பூங்கோதை கூடுதல் அவகாசம் கேட்டு மனுப் போட்டாள்.

"மழையவா காரணம்னு எழுதியிருக்கீங்க?" மண்டிக்காரரின் வக்கீல் சிரித்தார். "மழை எங்க வீட்டுலயுந்தானுங்க பெய்யுது."

"உங்க வீட்டுல பருப்புக் காய வெச்சிருக்கீங்களா?" என்று பூங்கோதை கேட்டாள். கோர்ட் சிரித்தது.

நீதிபதி மயிலாத்தாளைப் பார்த்தார். "எத்தன நாளும்மா வேணும்?"

"ஏழு நாளுங்க சாமி. ஆனா வெயில் நாளா வேணுமுங்க."

"முப்பது நாள் தர்றேன். அதுக்கு மேல சட்டத்துல எடமில்ல. வெயிலுக்கு நான் உத்தரவு போட முடியாது."

பிறகு அவள் வானத்தைப் பார்த்தபடியே இருந்தாள். எழுபத்தாறாம் நாள் காலை பனி விலகி வெயில் ஏறியபோது களம் வெள்ளையாக மின்னியது. கனவோ என்று காலால் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. ஆட்களை வரச்சொல்லி மொத்தக் காயையும் உரித்து உடைத்தாள். ஆயிரக்கணக்கான வெள்ளை மூடிகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன.

நான்காம் நாள் மதியம் மேற்கே கருத்தது. தார்ப்பாய் வாடகைக்கு விடும் திருமூர்த்தி வண்டியோடு வந்து நின்றான்.

"பாய் இருக்குதுங்க்கா. ஈட்டுக்கு ஒரு செக்குல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்."

மயிலாத்தாள் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவன் பெயர், அன்றைய தேதி, நாலாயிரம் ரூபாய் என எல்லாவற்றையும் நிதானமாக எழுதினாள். முதல் துளி தாளில் விழுந்தது.

"அட, மழ வருதுங்க்கா! என்னைய நம்பலீங்களா?"

"நம்பறேன்டா. அன்னிக்கு அவனையுந்தான் நம்புனேன். பாயப் புடி."

மழை பத்து நிமிடத்தில் ஓய்ந்தது. பாய்க்கு அடியில் மூடிகள் வெதுவெதுப்பாக இருந்தன.

எட்டாம் நாள் ஒரு பருப்பை எடுத்து ஒடித்தாள். சடக்கென்று உடைந்தது. எண்ணெய் ஆலைக்காரர் அன்றே எடை போட்டு, மறுநாள் பணம் கொடுத்தார்.

எண்பத்தாறாம் நாள் கோர்ட்டில் பணம் கட்டியாகிவிட்டது. ரசீதை இரண்டு முறை படித்துவிட்டு, பூங்கோதை சொன்னாள்: "இனி விசாரண பங்குனியிலதானுங்க்கா. அதுவரைக்கும் நிம்மதியாத் தூங்குங்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர வெயில் மடியில் விழுந்தது. மயிலாத்தாள் ரசீதின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். களத்தில் தண்ணீர் இல்லை. நீதிபதி பரிசலை விட்டு இறங்கி, குடையை மடக்கிவிட்டு, சூடான தரையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்.