நான் எழுதாத தேர்வில் நூற்றுக்கு நூறு

பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் பாடத்திலும் நூறு வாங்கியதில்லை. கணக்கில் ஒருமுறை எழுபத்தொன்று வாங்கியதற்கே அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட எனக்கு, சிங்கப்பூரில் ஒரு சமையல் கூடத்தில், ஆறு பாடங்களில் நூற்றுக்கு நூறு போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஆறில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் தலைக்கு ஏறுகிறது.

கூடம் உட்லண்ட்ஸில் இருக்கிறது. மருத்துவமனைகளுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்புவது அங்கே வேலை. கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்த மூன்றாம் மாதமே அங்கே சேர்ந்துவிட்டேன். ஓடுகிற பெல்ட்டில் தட்டுகள் வரும். ஒருவர் சோறு வைப்பார், ஒருவர் கறி வைப்பார், எனக்கு முன்னால் நிற்கும் ஆன்ட்டி சூப் ஊற்றுவார். கடைசியில் நான் தட்டைச் சரிபார்த்து, மூடி போட்டு, தட்டோடு வரும் தாளில் உள்ள நிறப்படி ஸ்டிக்கர் ஒட்டி வண்டியில் ஏற்ற வேண்டும். பச்சை என்றால் சர்க்கரை நோயாளி. நீலம் என்றால் உப்பு குறைவு. ஊதா என்றால் முட்டை கூடாது. ஐந்து வருடம் ஒட்டினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிறத்தைச் சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது வருடம் எங்களுக்குப் பயிற்சியும் ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு அறையில் இரண்டு டேப்லெட் வைத்திருந்தார்கள். மாதம் ஒன்றாக ஆறு பாடம் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, பட்டதாரி, சிரித்த முகம். மாதக் கடைசியில் எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று மேலே அறிக்கை அனுப்ப வேண்டும் அவளுக்கு. நாங்களோ வேலை முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கிற ஆட்கள்.

"அக்கா, உங்க ஸ்டாஃப் நம்பரையும் பாஸ்வேர்டையும் குடுங்க. நானே முடிச்சிடறேன். நீங்க கிளம்புங்க, புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்" என்றாள்.

கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். நான் மட்டுமில்லை, பெல்ட்டில் நிற்கிற ஏழு பேரும் கொடுத்தோம். தங்கமான பெண் என்று வீட்டில் போய்ப் புகழ்ந்தேன். பொங்கலுக்கு அவளுக்கு ஒரு டப்பா முறுக்குகூடச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன வருடம் எங்கள் வரிசைக்கு லைன் லீடர் வேலை காலியானது. பெல்ட்டில் நிற்கிற யாரும் விண்ணப்பிக்கலாம் என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. இன்னும் இருபது வருடம் மூடி போட்டுக்கொண்டே நிற்பதா? விண்ணப்பித்தேன். வீட்டுக்காரரை எதிரில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன். நேர்முகத் தேர்வன்று தலைக்குக் குளித்து, மாதா கோயில் பூசைக்குப் போட்டுப் போகிற நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன்.

மேலாளரும், மனிதவளத் துறையிலிருந்து ஓர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கேள்விக்கு நன்றாகத்தான் சொன்னேன். மூன்றாவதாக மேலாளர் கேட்டார். ஊதா ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய தட்டு ஒன்று வருகிறது. முட்டை இல்லாத மீ நூடுல்ஸ் தீர்ந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

இது ஒரு கேள்வியா என்று இருந்தது எனக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, "சாதாரண மீயிலிருந்து முட்டைத் துண்டுகளைச் சுத்தமாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, நேரத்துக்கு அனுப்பிவிடுவேன்" என்றேன். 'நேரத்துக்கு' என்பதை அழுத்திச் சொன்னேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா காகிதத்தைத் திருப்பி, "இந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறீர்களே" என்றார். மேலாளர் குரலை உயர்த்தவில்லை. சிலருக்கு முட்டை பட்ட உணவு துளி போனாலே தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும், முட்டையைப் பொறுக்கி எடுத்தாலும் அது சாப்பாட்டில் ஒட்டியேதான் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐந்து வருடமாக நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை முட்டை தொடாதவர்கள், மாலை போட்டிருப்பவர்கள், முட்டை வாடையே ஆகாதவர்கள், இவர்களுக்குத்தான் ஊதா என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் முட்டை வேண்டாம் என்று யார் சொன்னாலும் காரணம் அதுதானே. அவர்களுக்குப் பொறுக்கிக் கொடுத்தாலும் அது துரோகம்தான், ஆனால் உயிர் போகிற துரோகம் இல்லை. அப்படிப் பொறுக்கி நான் உண்மையாகவே அனுப்பியிருக்கிறேன். புகார் எதுவும் வரவில்லை. சாப்பிட்டவர்கள் யார், என்ன ஆனார்கள், எனக்குத் தெரியாது.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய், "எனக்கு அந்தப் பாடத்தைப் போட்டுக் குடும்மா, நான் படிக்கணும்" என்றேன்.

"சிஸ்டத்துல முடிஞ்சதுன்னு இருக்குக்கா. திரும்பத் திறக்காது. திறக்கணும்னா மேல எழுதிக் கேக்கணும், ஏன்னு கேப்பாங்க" என்றாள்.

அதாவது, நான் படித்துவிட்டேன். அதனால் இனிமேல் படிக்க முடியாது. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாடம் தமிழிலேயே இருக்கிறதாம்! ஓர் அழுத்து அழுத்தினால் தமிழில் பேசுமாம். ஆங்கிலத்தில் இருக்கும், நமக்கு எங்கே புரியப்போகிறது என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். எனக்காகக் காத்திருந்த பாடத்தை எனக்குக் காட்டாமலே முடித்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அவளே என்னைத் தேடி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அடுத்த மாசம் என் வேலை பாஸ் புதுப்பிக்கணும். வேலை போனா ஊருக்குத்தான் போகணும். உங்களுக்கு நல்லதுதானேக்கா பண்ணேன்?"

"நல்லதா? உன் பரீட்சைய வேற யாராச்சும் எழுதி உனக்கு டிகிரி குடுத்தா வாங்கிக்குவியா நீ? எனக்குன்னா மட்டும் அது போதுமா?" என்று கத்தினேன். மீன்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார். அவள் அழுதாள். அவள் அழுததும் எனக்கு மனசு இளகிவிட்டது. சரி, சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மேலும் எனக்குக் கோபம் என்றால் அது இதற்காகத்தான். மறுநாள் முதல் என் தட்டை மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். ஊதாத் தட்டுக்குச் சரியான மீ இல்லையென்றால் அனுப்பாமல் தள்ளி வைத்தேன். மற்றவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். மதியச் சாப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. தள்ளி வைத்த தட்டுகள் என்னிடம் சேர்வதைப் பார்த்த ஆன்ட்டி, எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, ஓர் ஊதாத் தட்டில் சாதாரண மீயை வைத்து, இடுக்கியால் முட்டையைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்துப் பெல்ட்டில் விட்டார்.

அவசரத்துக்கு இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். பெல்ட் நின்றது. அந்தப் பொத்தானை அதுவரை யாரும் அழுத்திப் பார்த்ததில்லை.

"என்னம்மா ஆச்சு? முட்டையதானே எடுத்தேன் லா" என்றார் ஆன்ட்டி. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட மூன்று வருடம் மூத்த பணியாளர். அந்தப் பாடத்தில் அவருக்கும் நூறு.

மேலாளர் ஓடி வந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இங்கே ஒருவரும் பாடம் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை, நம்பரை நான்தான் கொடுத்தேன், அந்த நூற்றை அழித்துவிடுங்கள் என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பாஸ்வேர்டை அடுத்தவரிடம் கொடுத்த குற்றமாம். ஒரு வருடத்துக்கு எந்தப் பதவிக்கும் விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பெண்ணை வேறு பகுதிக்கு மாற்றினார்கள், பாஸ் புதுப்பித்துவிட்டார்களாம், நல்லது. மாதக் கடைசியில் அறிக்கை முழுசாக வந்தாக வேண்டும் என்று அவளை விரட்டியவர்களுக்கு மட்டும் ஒரு கடிதமும் போகவில்லை. எல்லோருக்கும் நூறு வருகிறதே, எப்படி என்று ஒருநாளாவது கேட்டார்களா? இதைக் கேட்டதற்கு மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழு பேரும் ஆறு பாடத்தையும் மறுபடி படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உன்னால்தான் என்று யாரும் என்னோடு பேசவில்லை. முதல் நாள் அதிகம் திட்டியது ஆன்ட்டிதான், அதோடு அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் முறை வந்தபோது சாப்பாட்டு அறையில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. முகத்தைத் திருப்பிக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் தமிழை அழுத்தினேன். அவரும் அழுத்தினார்.

முட்டைப் பாடம் ஓடியது. மூச்சு எப்படி அடைக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் கேள்விகள் வந்தன. நான் பதிலைத் தொடப்போனேன். ஆன்ட்டி காதிலிருந்து கழற்றினார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எட்டு வருஷம்மா. நான் எத்தன பேருக்கு அப்படிக் குடுத்துருப்பேன்?"

"தெரியல ஆன்ட்டி" என்றேன்.

அவர் கேள்விக்குப் போகவில்லை. மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டார்.