ஆரணியில் நான் தப்பாக நட்ட பாவுக்கல்

நம்பச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரோடு போடுகிற கூலி. சுடுகாட்டுக்கும் ரோடு போட்டிருக்கிறேன். தோண்டும்போது எலும்பு வரும், ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். உடம்பு அலுப்பைத் தவிர வேறு எதுவும் என்னைப் பிடித்ததில்லை.

எனக்கு ஊர் கலசப்பாக்கம் பக்கம். ஆரணியில், சேவூர் போகிற பக்கமாக ஒரு நெசவுத் தெருவில் சிமெண்ட் ரோடு வேலை. தெருவில் பாதி மாடி வீடாகிவிட்டது. கீழே செல்போன் கடை, மேலே வாடகை. தெருவின் கிழக்கு முனையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. முன்பெல்லாம் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி தெளித்து, இழுத்துக் கட்டிக் காய வைப்பார்களாம். அதுதான் பாவு. அதன் கயிற்றைக் கட்டுகிற கல் அது. இதெல்லாம் கல்லுக்கு எதிர் வீட்டு சரோஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த அம்மா சூப்பர்வைசரிடம் வந்து நின்றாள்.

“தம்பி, கல்ல உட்டுட்டு ரோடு போடுங்க. முனிசிபாலிட்டி ஆபீஸ்ல சொல்லிகீறோம், சரின்னாங்க.”

“வாயால சொன்னாங்களா? எனக்கு யாரும் சொல்லலயேக்கா. நீங்கதான் இப்போ மிஷின்ல பாவு சுத்தி வாங்கிகினு வர்றீங்களே, கல்லு எதுக்கு? மாவாட்டவா?”

“இது இன்னா தெருன்னு கேட்டா காட்டறதுக்கு இது ஒண்ணுதான் கீது. செல்போன் கடையவா காட்டுவேன்?”

அவன் சிரித்தான். கல்லைப் பிடுங்கச் சொன்னான். பிடுங்கினோம். குழியை மூடி மேலே கான்கிரீட் போட்டோம். மறுநாள் டிராக்டர் வரும், கல் அவன் மச்சான் கட்டுகிற வீட்டுக்குப் படிக்கல்லாகப் போகும் என்றான். அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரோடு காயும்வரை தண்ணீர் விட நான் அங்கேயே படுத்தேன். விடிகிற நேரம் குழாயை இழுத்துக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்தேன். நடுவில் வயிற்றில் ஏதோ தட்டியது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஒரு அடி பின்னால் வந்து மறுபடி போனேன், மறுபடி தட்டியது. அழுத்தினால் அமுங்குகிறது, விட்டால் தள்ளுகிறது. கையை மேலே வைத்தேன். ஈரம். புடவை அகலத்துக்கு, நூல் நூலாக, இறுக்கமாக. கஞ்சி வாசனை.

பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். “இன்னா பெருசு, காலங்காத்தால காத்தத் தடவிகினு கீற?” என்று கேட்டுவிட்டு அதே இடத்தில் குறுக்கே போனார். அவரை ஒன்றும் தடுக்கவில்லை. என் கைக்கு மட்டும் அது இருந்தது.

நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, அதைப் பிடித்துக்கொண்டே கிழக்கே நடந்தேன். போகப் போக அகலம் குறைந்து முனையில் கயிறாகிவிட்டது. கயிறு, கல் இருந்த இடத்தில் முடிந்தது. கல் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தைச் சுற்றி கயிறு இறுகிக் கிடந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், காற்றுதான். கயிறு நடுங்கியது, ரொம்ப நேரம் பாரம் பிடித்தவன் கை நடுங்குமே, அப்படி. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் என் கையில் இருப்பதுதான்.

சரோஜா வாசல் தெளிக்க வந்தாள். என் சட்டையில் குறுக்கே இருந்த ஈரக் கோட்டைப் பார்த்தாள். தொட்டு மோந்தாள். முகம் மாறிவிட்டது.

“வீட்டுக்காரரக் கூப்பிடும்மா,” என்றேன். “டிராக்டர் வர்றதுக்குள்ள கல்ல நட்டுடலாம்.”

“உன் வேல போயிடும்ணே.”

“போவட்டும். ஜல்தியா கூப்பிடு.”

கான்கிரீட் அப்போதுதான் இறுகிக்கொண்டிருந்தது. கடப்பாரையால் உடைத்துக் குழியைத் தோண்டினேன். அவள் வீட்டுக்காரரும் நானும் தெரு ஓரமாகக் கிடந்த கல்லை உருட்டி இறக்கினோம். கல்லில் ஒரு பக்கம் கயிறு உரசி உரசி வழவழவென்று பள்ளம் இருந்தது. அதுதான் கல்லுக்கு முகம் என்று நினைத்து, அது தெருவைப் பார்க்கிற மாதிரி நிறுத்திச் சுற்றிலும் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டேன்.

அவள் வீட்டுக்காரர் அப்புறம்தான் கவனித்தார். “அய்ய, தப்பா நட்டுட்டோமே. கயிறு கல்லுக்குப் பின்னால சுத்தி வரும். பள்ளம் கெழக்கப் பாத்து இருக்கணும்.”

“இனிமே எடுக்க முடியாது. இருக்கட்டும் உடு,” என்றேன். எனக்குத் தெம்பு இல்லை. கயிறு இருந்த இடத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். வெறும் காற்று.

சூப்பர்வைசர் வந்து கத்தினான். தெருப் பெண்கள் வந்து கல்லைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவனால் கல்லை எடுக்க முடியவில்லை. என்னைத்தான் போகச் சொன்னான். போனேன்.

சில வாரம் கழித்து, அன்றைக்கு விட்டுவிட்டு வந்த கடப்பாரையை வாங்கிவர அந்தத் தெருவுக்குப் போனேன். கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பள்ளம் கிழக்கே பார்த்து இருந்தது.

“திருப்பி நட்டுட்டீங்களா?” என்று கேட்டேன்.

சரோஜா கடப்பாரையை என் கையில் கொடுத்தாள். “நாங்க தொடலண்ணே. நீ போன மறுநாள் காலைலயே இப்படித்தான் இருந்துச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு உட்டுட்டோம்.”

குனிந்து பார்த்தேன். தொட்டிருந்தால் சிமெண்ட் உடைந்திருக்க வேண்டும். ஒரு கீறல்கூட இல்லை. நான் கடைசியாக ஈரச் சிமெண்டில் கையை ஊன்றி எழுந்த இடத்தில் என் உள்ளங்கைத் தடம் அப்படியே, ரேகையோடு, வைத்த திசையிலேயே இருந்தது. அதில் என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

பக்கத்தில், என் தடத்தை ஒட்டி, அன்றைக்கு இல்லாத இன்னொரு கை ஊன்றிய தடம் இருந்தது. அதிலும் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடச் சின்னது. சரோஜாவையும் அவள் வீட்டுக்காரரையும் வைக்கச் சொன்னேன். அவர்கள் கையும் பொருந்தவில்லை.