வெள்ளிக்கிழமை மட்டும் குறைந்த மதிப்பெண்

அம்மனின் அடியார்களுக்கு வணக்கம். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனாலும் எனக்கு நடந்ததை வேறொருவர் எழுத நான் விடவில்லை. மெதுவாக நானேதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர். வடநாட்டு வழியெல்லாம் அவருக்கு மனப்பாடம். போன ஆடியில் வெண்ணந்தூர் சந்தைக்குப் போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவரை மகள்தான் கூட்டி வந்தாள். "வழி தெரியல புள்ள" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

சேலத்து டாக்டர் செல்போனில் ஒரு ஞாபகப் பரீட்சை போட்டுக் கொடுத்தார். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சில படங்கள் வரும். கொஞ்ச நேரம் கழித்து, எந்தப் படம் எங்கே இருந்தது என்று கேட்கும். விரலால் தொட்டால் பதில் டாக்டருக்குப் போய்விடும்.

"அப்பாவேதான் தொடோணும். நீ சொல்லிக் குடுத்துறாதம்மா" என்றாள் மகள்.

நான் சொல்லிக் கொடுத்தேன். புத்தி தடுமாறியவர் என்று பேர் வந்துவிட்டால் சொந்தத்தில் யார் அவரை மதிப்பார்கள்? அவர் விரல் தயங்கினால், "மேல, ஓரமாப் பாருங்க" என்பேன்.

"ஏம்புள்ள, இந்த வயசுல எனக்கு பிட்டு குடுக்கறயா" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. குளித்தவர் மறுபடி குளிக்கப் போவார். மகளைத் தன் செத்துப்போன தங்கை பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிதோறும் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவேன். அபிஷேகம் பார்த்துத் திரும்பப் பத்து மணி தாண்டிவிடும். 'அவருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரைச் சொல்ல வை தாயே' என்பதுதான் என் வேண்டுதல். தை மாதம் ஒரு வெள்ளியன்று அப்படிக் கேட்க வாய் வரவில்லை. 'எது நிஜமோ அதைக் காட்டு, எனக்குத் தாங்கவில்லை' என்று அழுதேன்.

அடுத்த திங்கள்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள்.

"மத்த நாளெல்லாம் ஐயா நல்லாப் பண்றாருங்க. வெள்ளிக்கிழமை மட்டும் ரொம்பக் குறையுது. அன்னைக்கு ஊட்ல என்னங்கம்மா நடக்குது?"

"நான் கோயிலுக்குப் போயிருவனுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆறு நாள் நான் மறைத்ததை, ஏழாம் நாள் என்னைத் தன் சன்னதிக்குக் கூப்பிட்டுக்கொண்டு அம்மன் காட்டிவிட்டாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ஸ்கேனும் மற்ற சோதனைகளும் எடுத்தார். மறதி நோய்தான், ஆரம்பம் என்றார். முழுக்கக் குணமாகாது, மருந்தும் பயிற்சியும் கொஞ்சம் தாங்கும் என்றார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் தன் டூவீலர் சாவியை அவராகவே என் கையில் வைத்தார். புத்தி தெளிவாக இருக்கும்போதே அவர் எடுத்த முடிவு அது. நான் மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் அதுகூட அவருக்குக் கிடைத்திருக்காது.

பயம் இன்னும் போகவில்லை. ஆனால் தனியாகப் பயப்படுவதில்லை. இப்போது பரீட்சை நேரம் வந்தால் நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறேன்.

"எத்தன தப்புன்னு கேக்க மாட்டயா?" என்றார் நேற்று.

"கேக்க மாட்டனுங்க. கெளம்புங்க, கோயிலுக்கு நேரமாச்சு."

வெள்ளிக்கிழமை இப்போது இருவரும்தான் போகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கவலை இருந்தால் மறைக்காதீர்கள். அம்மனிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.