நாரினே வெட்டி எறிந்த எட்டு ஜாடைகள்

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்க் எடிட்டிங் அறைகளில் நாரினே கசாரியனைத் தெரியாதவர்கள் இல்லை. பதினைந்து சூப்பர் ஹீரோ படங்களை வெட்டி ஒட்டியவள். அத்தனையிலும் வில்லன் யாரென்று முதல் பத்து நிமிஷத்தில் பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த வெட்கம் அவளுக்கு உண்டு. அதை மூடி மறைக்கிற ஆளும் இல்லை அவள்.

பதினாறாவது படத்தில் துணிந்துவிட்டாள். ஹீரோவைத் தூக்கி வளர்த்த அக்காதான் நகரத்தைக் கொளுத்தியவள் என்பது கதையின் திருப்பம். அதற்கு முன்னாலேயே எட்டு இடத்தில் ஜாடை காட்டி வைத்திருந்தார்கள். எட்டையும் வெட்டி எறிந்தாள்.

தயாரிப்பாளர் கர்டிஸ் லோமாக்ஸ் பதறியடித்துக்கொண்டு வந்தான்.

"தாயே, என் தலையில மண்ணள்ளிப் போடாதீங்க! ஒண்ணையாவது விட்டு வைங்க. பாக்குறவன் கடுப்பாயிடுவான்."

"ஆகட்டுமே. கூடப் பொறந்தவ கழுத்தறுக்கும்போது முன்னாடியே மணியடிச்சுட்டுத்தான் அறுப்பாளா?"

"சோதனைக் காட்சியில பாக்குறவங்க நூத்துக்கு எழுபது மார்க் போடலைன்னா எட்டும் உள்ள வரணும்."

"வரட்டும். சரி."

சனிக்கிழமை மதியம், பசடேனா தியேட்டர் ஒன்றில் முன்னூறு பேருக்குப் படத்தின் பெயரைச் சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். நாரினே இந்த மாதிரி நேரத்தில் திரையைப் பார்க்கவே மாட்டாள். முன்வரிசை ஓரத்தில் திரும்பி உட்கார்ந்து, பாப்கார்ன் வாளிக்குள் போய்வரும் கைகளைப் பார்ப்பாள். திரையில் அக்கா தீக்குச்சியை உரசினாள். அத்தனை கைகளும் அப்படியே நின்றுவிட்டன. நாரினே தொடையில் தட்டித் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

வந்த மார்க் அறுபத்து நாலு.

கர்டிஸ், பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்த கருத்து அட்டைகளை அவள் மடியில் கொட்டினான். "எந்தக் காட்சியை எடுத்துடலாம்னு கேட்டா, இருநூறு பேர் தீக்குச்சின்னு எழுதியிருக்காங்க!"

"எந்தக் காட்சி மனசுல நின்னுச்சுன்னும் கேட்டிருக்கீங்களே, தம்பி. அதையும் படிங்க."

அங்கேயும் தீக்குச்சிதான். கர்டிஸ் மசியவில்லை.

"பேச்சு பேச்சுதான், எட்டையும் திரும்ப ஒட்டிடறேன்" என்றாள் நாரினே. "அதுக்கு முன்னாடி பூஜ்யம் மார்க் போட்டவனோட இந்த அட்டையையும் படிச்சிருங்க."

கர்டிஸ் வாய்விட்டுப் படித்தான். "ரெண்டு மணி நேரம் நம்ப வெச்சு ஏமாத்திட்டீங்க, நாசமாப் போங்க. படம் வர்ற அன்னிக்கு என் அக்காவக் கூட்டிட்டு வருவேன். அதுவரைக்கும் கதையப் பத்தி அவகிட்ட மூச்சு விட மாட்டேன்."

இன்னொரு தடவை, சத்தமில்லாமல் படித்தான். அப்புறம் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அந்த எட்டும் குப்பையிலயே கிடக்கட்டும்" என்றான்.