முனியப்பனின் சர்ச் பக்கம்

"ரயில் பக்கம்தான் சார் வலி. சர்ச் பக்கம் ஒண்ணும் இல்ல" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே முனியப்பன் சொல்ல, ஊருக்குப் புதிய டாக்டர் இரண்டு கால்களையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார். முனியப்பன் அகராதியில் இடது, வலது கிடையாது. ஜீவனஹள்ளியில் அவருடைய லேத் பட்டறைக்கு ஒரு ஜன்னலில் சர்ச் கோபுரம் தெரியும், எதிர் ஜன்னலில் ரயில் பாதை. சின்ன வயதிலிருந்து அங்கேயே நின்று வேலை செய்தவருக்கு இடது கை சர்ச் கையாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "ரயில் பக்கத்து இலைக்குச் சாம்பார்" என்பார்.

பழைய கார்களின் பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டான பின் ஆக்ஸில் செய்வதுதான் தொழில். கடையில் கிடைக்காத சாமான். சொந்தக்காரர்கள் உடைந்த துண்டைப் பேப்பரில் சுற்றி, மீன் வாங்கி வருகிறவர்கள் மாதிரி தூக்கிக்கொண்டு வருவார்கள். முனியப்பன் சிவாஜி நகர் குஜிரிக்கு, அதாவது பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ப் பழைய லாரி ஆக்ஸிலைக் கம்பியில் தொங்கவிட்டு, ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிக் கண்ணை மூடிக் கேட்பார். பிடிக்கவில்லையென்றால் "இது அழுவுது, வேற காட்டு" என்பார். பிடித்தால் மீசையை முறுக்குவார். கிரீஸ் விரலால் முறுக்குவதால் மீசைக்கு எண்ணெய்ச் செலவே இல்லை.

அந்த மீசைக்குத்தான் ஆபத்து வந்தது. தொம்மலூர் சுந்தரத்திடம் 1934ஆம் வருஷத்து ஆஸ்டின் ஒன்று உண்டு. அதற்கு முனியப்பன் செய்த இரண்டு ஆக்ஸிலும், பட்டறைத் தெருக்கோடி மேட்டில் ஏறும்போது ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. இனிமேல் மெட்ராஸில் பார்த்துக்கொள்கிறேன் என்று சுந்தரம் சொன்னது முனியப்பனைச் சுட்டுவிட்டது. "ஸ்வல்ப இருங்க சார். இந்த வாட்டி வண்டி அந்த மேட்ட ஏறலன்னா மீசைய எடுத்துடறேன்" என்றார். பாதித் தெரு அதைக் கேட்டது. மீதித் தெருவுக்கு அவர் மனைவி சரசு சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஆக்ஸில் நிஜமாகவே அழகு. முன்பு முறிந்த இடத்தில் கூர்முனையே இல்லாமல் வழித்து, குழந்தைக்குத் தலை வாருகிற பொறுமையோடு பாலிஷ் போட்டிருந்தார். பிறகு ஆக்ஸிலைச் சுழற்றும் பல்சக்கரத்தை அதன் கூட்டுக்குள் வைத்து மூடினார். அது எந்தப் பக்கமும் உட்காரும். ஆனால் ஒரு பக்கம்தான் சரி. வழக்கம்போல் சர்ச் பக்கம் வைத்தார். அது தொண்ணூற்றேழு, ஊரையே வாஸ்து பிடித்து ஆட்டிய வருஷம்; போன மாதம்தான் சரசு பட்டறை மேஜையைத் திருப்பிப் போடவைத்திருந்தார். மேஜை திரும்பியது, சர்ச் திரும்பவில்லை; மேஜைமுன் நின்றால் அது இப்போது வலது கைப் பக்கம். அதற்குப் பிறகு அந்த மேஜையில் பூட்டிய முதல் ஆக்ஸில் இதுதான்.

ஆயுத பூஜையன்று வண்டியைப் பட்டறை வாசலில் மேட்டைப் பார்த்து நிறுத்தி, சூடம் காட்டி, முன் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுந்தரம் ஃபர்ஸ்ட் கியர் போட்டார். வண்டி கம்பீரமாகப் பின்னால் போனது. கியர் மாறிவிட்டதோ என்று பார்த்து மறுபடியும் போட்டார். இன்னும் கொஞ்சம் பின்னால் போய், பால் பூத் வாசலில் நின்றது. நசுங்காத இரண்டு பழங்களும் நடுத்தெருவில் கிடந்தன.

முனியப்பன் சர்ச்சைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். சரசுவைப் பார்த்தார். சரசு கோயில் கோபுரம் மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்சக்கரம் பக்கம் மாறி உட்கார்ந்ததில் வண்டிக்கு முன் பின்னாகிவிட்டது. கூட்டத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் முனியப்பன் முகம் கறுத்துப்போனதைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது.

சுந்தரம் இறங்கி வந்து, "முனியப்பா, மீசை?" என்றார்.

"ஆக்ஸில் உடைஞ்சுதா சார்?"

"உடையல. ஆனா வண்டி..."

"மேடு ஏறணும்னுதான் பேச்சு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஏறணும்னு பேச்சில்ல."

தெருக்காரர்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளித் திருப்பி, அதன் முதுகு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார். மீசையை ஒருமுறை நன்றாக முறுக்கிக்கொண்டார். பிறகு நடுத்தெருவுக்குப் போய், குனிந்து இரண்டு எலுமிச்சம்பழங்களையும் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, பின் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார்.