காய்ச்சல் பாடம்

தொண்ணூறுகளில் கணபதி என்ற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா, உலகத்தின் அசுத்தம் ஒட்டிக்கொள்ளும் என்று என்னை நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். வீட்டிலேயே வேதாகமம், கணக்கு, ஆங்கிலம் எல்லாம் அவரே நடத்தினார். அறிவியல் புத்தகத்தில் குரங்கிலிருந்து மனிதன் வந்த பக்கங்களை மைதாப் பசையால் ஒட்டிவிட்டார். அவருடைய விசுவாசம் அந்தப் பசையின் பலத்தில்தான் நின்றது.

ஒருநாள் காலை, பொய் சொல்வது பாவம் என்று நூறு முறை எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். அப்பா என் காதோரம் குனிந்து, "கேட்டா காய்ச்சல்னு சொல்லு" என்றார்.

"ஏங் கண்ணு, இன்னிக்கும் பள்ளிக்கொடம் போகலையா?"

"காய்ச்சலுங்க அக்கா."

பதறிப்போன அக்கா மதியம் சோறும் மிளகு ரசமும் கொண்டுவந்தார். "மாரியாத்தாகிட்ட வேண்டியிருக்கறனுங்க, சரியாப் போயிருமுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விக்கிரகத்தைக் கும்பிடுகிறவளின் அறியாமையை நினைத்து அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு கண்ணை மூடி, ஆகாரம் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, ரசத்தை முதலில் தன் தட்டில் ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் என் நோட்டை எண்ணிப் பார்த்தார். இரண்டு வரி குறைந்ததற்குக் காதைத் திருகினார்.